துட்டி வீட்டில் கட்டிய ஒட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது நாலு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் பென்சிலால் எழுதுவதைப் பேத்தி பிழை திருத்திப் படி எடுக்கிறாள். ஆனால் சொல்வது நான்தான்.

இது நடந்தது தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம், வடுகபட்டிக்கு மேற்கே மலையைப் பார்த்து இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம் நின்றது. பெயர் கிடையாது. எந்த வகை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஊரில் எல்லா மாங்காயும் முடிந்து, மாம்பழ வாசனையே மறந்துபோன பிறகு, ஆடியில்தான் அது பழுக்கும். பழம் சின்னது. தோல் பச்சையாகவே இருக்கும். பார்த்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். அறுத்தால் உள்ளே குங்குமப்பூ நிறம். என் வீட்டுக்காரருக்கு அந்த மரம் என்றால் உயிர். வேறு எந்த மரத்தையும் ஆளை விட்டுப் பறிப்பார், இதை மட்டும் தானே ஏறிப் பறிப்பார்.

அந்த மரத்தில் வண்டு விழுந்துவிட்டது. அடிமரத்தில் ஓட்டை போட்டு மரத்தூளைத் தள்ளும் வண்டு. மண்ணெண்ணெய் பஞ்சை அடைத்துப் பார்த்தார், மருந்து ஊற்றிப் பார்த்தார், களிமண் பூசிப் பார்த்தார். ஒவ்வொரு கொப்பாகக் காய்ந்துகொண்டே வந்து, கடைசியில் கிழக்கே போன ஒரு கொப்புதான் பச்சையாக நின்றது. அடுத்த ஆடிக்கு இது இருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கொட்டையைப் போட்டா வேற மரந்தான் வரும். இதே மரம் வேணும்னா இதோட கொம்பை எடுத்து ஒட்டுக் கட்டணும்” என்றார்.

நாங்கள் இரண்டு பேருமே அதுவரை ஒட்டுக் கட்டியதில்லை. ஒட்டுக்கன்றைக் காசு கொடுத்து வாங்கி நட்டவர்கள்தான். எங்கள் ஊர்ப் பக்கம் கன்று வளர்த்து விற்கிறவர்கள் நிறைய. அவர் அங்கே போய் உட்கார்ந்து, வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்தார். முந்தின வருஷமே புளிப்பு நாட்டு மாங்கொட்டைகளைப் பையில் போட்டு முளைக்க வைத்திருந்தார். அவசரக்காரர். பங்குனியிலேயே பாதிக் கன்றில் ஒட்டுக் கட்டிவிட்டார். அந்த வெயிலில் அத்தனையும் சுருண்டுவிட்டது.

நான் சும்மா இருக்கிறவளா? “குச்சியைக் கட்டிக் கட்டி வையிங்க. அடுப்புக்காவது ஆகும்” என்றேன்.

“நீ குழம்பு வைக்கப் பழகின வருசம் யாருடி தின்னா? நாந்தான தின்னேன்? வாயைத் தெறந்தேனா?” என்றார்.

பிறகுதான் விசாரித்துக்கொண்டு வந்து பொறுமையாக எனக்கும் சொன்னார். ஒட்டுக் கட்ட வெயில் ஆகாது. ஆடி ஆவணியில் சாரல் எட்டிப் பார்க்கும்போது, காற்றில் ஈரம் இருக்கும்போது கட்ட வேண்டும். கீழே இருக்கும் கன்று, புதுத் துளிர் விட்டு, இலை செம்பு நிறமாக இருக்கும் பதத்தில் இருக்க வேண்டும். மரத்தில் எடுக்கிற குச்சி, காய்க்காத நுனியாக, பென்சில் தடிமனில் இருக்க வேண்டும். அதையும் சும்மா வெட்டிக்கொண்டு வரக் கூடாது. முதலில் மரத்திலேயே அந்த நுனிகளின் இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, காம்பை விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காம்பு பழுத்து, தொட்டால் உதிரும். நுனிமொட்டு உப்பி நிற்கும். அன்றைக்கு வெட்டினால் பிழைக்கும். விட்டால் மொட்டு வெடித்து இலை வந்துவிடும், பிறகு அந்தக் குச்சி உதவாது.

இதற்காக அந்த மனிதர் செய்த வேலை ஊருக்கே சிரிப்பு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் உறிஞ்சிவிட்டுப் போடும் நீளமான ஐஸ் கவர்களைப் பொறுக்கி வந்து கழுவிக் காயப் போட்டார். ஒட்டுக் கட்டிய குச்சிக்குத் தொப்பி மாதிரி மாட்ட வேண்டுமாம். ஈரம் போகாமல் இருக்குமாம். பால் கவரை நாடாவாக வெட்டிச் சுருட்டினார். புது பிளேடு வாங்கினார். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினார்.

ஆடி பிறந்ததும் கிழக்குக் கொப்பில் ஏறி நல்ல நுனிகளாகப் பார்த்து இலையைக் கிள்ளிவிட்டு இறங்கினார். இரண்டு நாள் கழித்துக் காலையில் மோட்டார் போடப் போனவர், மோட்டார் ரூம் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. துட்டி விழுந்த, அதாவது சாவு விழுந்த வீட்டில் பதினாறு கழியும் வரை பங்காளிகள் யாரும் பச்சையில் கத்தி வைக்கக் கூடாது. கீரை அறுக்கக் கூடாது, வாழை இலை அறுக்கக் கூடாது, புல்கூட அறுக்கக் கூடாது. சம்பந்தகாரர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கும் தகப்பன் துட்டி உண்டு. புருஷனை இழந்தவளோ மூலை அறையை விட்டு வெளியே வரவே கூடாது. பதினாறாம் நாள்தான் தாலியை வாங்குவார்கள். அதுவரை பாய், ஒரு செம்பு தண்ணீர், சுவர்.

என்னை அந்த மூலையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கண் காய்ந்து கிடந்தது. “கல்லு மாதிரி உக்காந்திருக்காளே” என்று வாசலில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அந்த அறையில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் கிழக்குக் கொப்பின் நுனி தெரியும். வருகிறவர்கள் தோளுக்கு மேலாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை கிள்ளிய மொட்டைக் குச்சிகள் சாரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவை மொட்டையாக நிற்பதற்குக் காரணம் அவர் கை. அந்தக் கை இப்போது இல்லை.

நாள் போகப் போக எனக்கு ஒரே நினைப்பு. சின்ன மகளைக் கூப்பிட்டு, “வெட்ட வேணாம், கிள்ள வேணாம். கையெட்டுற குச்சியில காம்பை மட்டும் தொட்டுப் பாத்துட்டு வா” என்றேன்.

போய்விட்டு வந்து, “தொட்டதும் விழுந்துருச்சும்மா. நுனியெல்லாம் உப்பிப்போய் நிக்கிது” என்றாள்.

பதினாறுக்கு இன்னும் பாதிக்குப் பாதி நாள் இருந்தது. மொட்டு காத்திருக்காது. அடுத்த வருஷம் கொப்பு இருக்காது.

பெரியவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கொள்ளி வைத்தவன், தாடியோடு வந்து நின்றான்.

“அப்பாவே போயிட்டாரு. மரம் போனா என்னம்மா? ரோட்டோரத்துல ஒட்டுக்கன்னு பையில விக்கிது, பத்து வாங்கி வச்சுருவோம்” என்றான்.

“அது இந்த மரமாடா?”

“எல்லாம் மாமரந்தான்.”

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் துக்கம் அவனுக்கு. தோட்டத்தில் வேலை செய்த ஆளை ஜன்னல் பக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொரிந்தான். “பெரியாத்தா, துட்டி வீட்டுப் பச்சையில நான் கத்தி வச்சேன்னு தெரிஞ்சா உங்க பங்காளிக என்னை இங்கன நிக்க விடுவாகளா?” என்றான். மருமகன் மூன்றாம் நாளே ஊருக்குப் போயிருந்தார், காரியத்துக்குத்தான் வருவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் உத்தமபாளையத்துப் பழக்காரம்மா வந்தார். வருஷா வருஷம் ஆடியில் எங்கள் மரத்துப் பழத்தை வாங்கிக்கொண்டு போய் விற்கிற முஸ்லிம் அம்மா. என்னைவிடச் சிறியவர். புருஷன் இல்லை. ஒரு மகனை வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் துட்டி தெரியாது. வழக்கம்போலக் காலிக் கூடையோடு வந்திருக்கிறார். வாசலில் பந்தலைப் பார்த்ததும் கூடையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். கட்டிப் பிடிக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை.

“உங்களுக்கு எத்தனை நாளுக்கா உள்ள இருக்கணும்?” என்று கேட்டார்.

“பதினாறு.”

“எங்களுக்கு நாலு மாசம் பத்து நாளு. நான் இருந்தப்ப வீட்டுக்குப் பின்னாடி ஒரு முருங்கை. அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். இன்னிக்கும் அது எத்தனை கெளைன்னு சொல்லுவேன்.” பிறகு என் கண் போகிற பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். “நீங்க என்னத்தப் பாக்குறீக?”

வந்தவர்கள் அத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன். கிள்ளிய இலை, உதிர்ந்த காம்பு, கத்தி வைக்கக் கூடாத வழக்கம், எல்லாம் சொன்னேன். கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை.

அவர் எழுந்து நின்று துப்பட்டியை இடுப்பில் செருகினார். “உங்க பங்காளிக்குத்தானக்கா அந்த வழக்கம்? எனக்கு என்ன? கத்தி எங்கன இருக்கு?”

“உனக்கு மரம் பத்தித் தெரியுமா தங்கச்சி?”

“பழம் பத்தித்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் வெட்டுறேன். கறி வெட்டுற கைதான், நடுங்காது.”

ஆணியில் கிடந்த மஞ்சள் பையைக் காட்டினேன். எந்த நுனி, எவ்வளவு நீளம் என்று விரலை நீட்டி அளவு சொன்னேன். பின்வாசல் வழியாகப் போனார். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, கல்லைப் போட்டு ஏறி நின்று கொப்பை வளைத்துக்கொண்டிருந்தார். குச்சிகளைத் துப்பட்டி நுனியில் சுற்றி, தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். சின்ன மகள் கன்றுப் பைகளைச் சுமந்து வந்து நான் இருந்த மூலையில் அடுக்கினாள். மிச்சம் இருந்தது ஒன்பது கன்று.

அந்த இருட்டறையில் உட்கார்ந்து கட்டினோம். கத்தி அவர் வைத்தார், கட்டு நான் போட்டேன். செம்பு இலைக்குக் கீழே கன்றின் தலையைச் சீவி, நடுவில் கீறினார். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கினார். முதல் குச்சியைச் சீவும்போதே பிளேடு அவர் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. “மாங்குச்சி கேட்டா என் விரலைச் சீவுறேன் பாருங்க” என்று சொல்லி விரலை வாயில் வைத்துக்கொண்டார். துட்டி விழுந்ததிலிருந்து அந்த அறையில் யாரும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கீறலில் குச்சியைச் செருகி, ஒரு பக்கமாவது தோலும் தோலும் நேராகப் பொருந்துகிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, பால் கவர் நாடாவைச் சுற்றினேன். மேலே ஐஸ் கவரை மாட்டி அடியில் முடிச்சுப் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது சின்னமனூர். எங்கள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். பாவாடை கட்டிய நாளிலிருந்து அகத்தியில் வெற்றிலைக் கொடியைக் கட்டிப் பழகியவள். கொடி கட்டுவதில் என் கைக்கு ஊரில் பெயர் உண்டு. கொடிக்குக் கட்டும்போது இறுக்கக் கூடாது. கொடி பருக்கும், இறுக்கினால் அறுத்துவிடும். நகம் நுழைகிற அளவு தொய்வு விட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும். அந்தப் பழக்கம் என் விரலில் ஊறிக் கிடந்தது. அன்றைக்கும் என் விரல் அதைத்தான் செய்தது. என் கை நல்ல கை என்ற நினைப்பில் அதைக் கவனிக்கவே இல்லை.

பழக்காரம்மா ஒன்றை எடுத்துப் பார்த்து, “அக்கா, இது லேசா ஆடுதே?” என்றார்.

“கட்டுறது எனக்குத் தெரியும் தங்கச்சி. நீ சீவு” என்றேன். அவர் அடுத்த குச்சியை எடுத்தார்.

எட்டு முடிந்து ஒன்பதாவதைக் கையில் எடுத்தபோது என் நாத்தனார் உள்ளே வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். அறையில் மண்ணும் தழையும் பிளேடும் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“ஏத்தா! என் தம்பி சாம்பல் இன்னும் ஆறலை. மூலையில உக்காந்து தோட்டக்காரி வேலை பாக்குறியா? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பியா நீ? நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்!”

பழக்காரம்மா எழுந்தார். “அவுகளை ஒண்ணும் சொல்லாதீக. கத்தி வச்சது நான்.”

“நீ யாருத்தா எங்க துட்டிக்குள்ள வந்து கத்தி வைக்க?”

“நான் யாரும் இல்ல. உங்க தம்பி வருசா வருசம் எடை போட்டு முடிச்ச பொறகு ஒரு பழத்தைத் தனியா எடுத்து, ‘இது கணக்குல இல்ல, உன் மகனுக்கு’ன்னு கூடையில வைப்பாக. அந்தப் பழத்தைத் தின்னவன் வீட்டு ஆளு.”

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், “அவன் மரத்துல ஏறினது எனக்குத் தெரியும். அந்த நோவு நெஞ்சோட ஏறினான். நீ தடுத்தியா?”

கையில் இருந்த நாடாவை இழுத்தேன். எவ்வளவு இழுத்தேன் என்று தெரியாது. விரலில் தடம் பதிந்து ரத்தம் கட்டுகிற அளவுக்கு இழுத்து, சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. சத்தம் இல்லை. கன்றுப் பையின் மண்ணில் சொட்டியது. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. பழக்காரம்மா என் கையிலிருந்து கன்றை வாங்கி, அவரே ஐஸ் கவரை மாட்டிக் கீழே வைத்தார்.

நாத்தனார் அன்றைக்குப் புறப்பட்டுப் போனவர், பதினாறுக்குத்தான் வந்தார். சாகும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

பழக்காரம்மா அன்று கூடையில் பழம் எடுத்துக்கொண்டு போகவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, “பிழைச்சா எனக்கு ஒண்ணு குடுங்கக்கா. பின்னாடி முருங்கை விழுந்த எடம் சும்மாதான் கெடக்கு” என்றார்.

“பாதி உனக்கு” என்றேன். அது என் வாக்கு.

பதினாறாம் நாள் என் தாலியை வாங்கினார்கள். அந்த ஒன்பது கன்றும் தொப்பி போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு நான் வெளியே வரலாம் என்றார்கள். எனக்கு வரத் தோன்றவில்லை. காலையும் மாலையும் கன்றுக்குத் தண்ணீர் விட்டேன். கவருக்குள் ஆவி கட்டி நிற்கும். அதற்குள் குச்சி என்ன நிறம் என்று உற்று உற்றுப் பார்ப்பேன்.

முதலில் ஒரு குச்சி கறுத்தது. பிறகு இரண்டு. பிறகு வரிசையாக. ஒவ்வொன்றாகக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். குச்சிக்கும் கன்றுக்கும் நடுவில் நகம் நுழைகிற இடம். தண்ணீர் இறங்கி அழுகியிருந்தது. எட்டிலும் அதே இடம், அதே அழுகல். என் பெயர்பெற்ற கை போட்ட எட்டுக் கட்டும் அவர் விட்டுப் போன குச்சிகளைக் கொன்றுவிட்டது. ‘ஆடுதே’ என்று அந்த அம்மா சொன்னபோது நான் காது கொடுத்திருந்தால் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது மட்டும் கறுக்கவில்லை. ஒரு நாள் கவருக்குள் ஊசி முனை மாதிரி ஒரு துளிர் தெரிந்தது. அடுத்த வாரம் அது செம்பு நிறத்தில் இரண்டு இலையாக விரிந்து கவரை முட்டியது. கவரைக் கழற்றினேன். கோபத்தில் இறுக்கிய கட்டு. அழுகையில் இறுக்கிய கட்டு. அது ஒன்றுதான் நின்றது.

தை பிறக்கும் முன்னே கிழக்குக் கொப்பும் காய்ந்தது. மரத்தை வெட்டி விறகாகப் போட்டார்கள். வீட்டில் பாகப் பேச்சு ஆரம்பமானது. பெரியவன் மற்ற மாமரங்களை எடுத்துவிட்டுத் திராட்சைப் பந்தல் போடலாம் என்றான். சின்னவன் தன் பாகத்தை விற்றுவிட்டுத் தேனியில் கடை வைக்கிறேன் என்றான். எந்த வரப்பு யாருக்கு என்று தெரியாத தோட்டத்தில் கன்றை எங்கே நடுவது? பையிலேயே வைத்திருந்தேன். யாரும் மிதித்துவிடாமல், ஆடு கடிக்காமல், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்.

அடுத்த ஆடியில் பழக்காரம்மா வந்தார். பழம் இல்லை என்று தெரிந்தும் என்னைப் பார்க்க வந்தார். வெட்டின மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கன்றைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

“எத்தனைக்கா பிழைச்சது?”

“இதுதான்.”

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணா? வேணாங்கக்கா. இது அண்ணனோடது. உங்க வீட்டுல நிக்கட்டும்.”

“பாதின்னு சொன்னேன். ஒண்ணைப் பாதியாப் பிளக்க முடியாது. கொண்டு போ.”

பெரியவன் அங்கேதான் நின்றான். “அம்மா, அப்பா ஞாபகத்துக்கு இருக்கிறது இது ஒண்ணுதான, அதையும் தூக்கிக் குடுக்குறியா?” என்றான். எல்லாம் மாமரம்தான் என்று சொன்ன அதே பிள்ளை.

வாக்குக் கொடுத்தேன் என்பது உண்மை. அதைவிட உண்மை ஒன்று உண்டு, அதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. யார் வீட்டில் அதற்குத் தண்ணீர் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் வயிற்றில் பிறந்தவர்கள் தோட்டத்தில் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்துகொண்டு கொடுத்ததுதான் எனக்கு அவர் செத்ததைவிடப் பெரிய துட்டி.

பழக்காரம்மா கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். ஜன்னல் பக்கம் காற்று அடிக்கும் என்று துப்பட்டியால் மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. கிணறு வற்றியது, போர் போட்டார்கள், அதுவும் காற்றுதான் வந்தது. திராட்சைப் பந்தலின் கல்தூண் மட்டும் நின்றது. மிச்ச மாமரங்களும் விறகுக்குப் போயின. தோட்டம் கைமாறியது. நான் இப்போது தேனியில் சின்னவன் வீட்டு மாடியில் இருக்கிறேன். துளசிச் செடிகூடத் தொட்டியில்தான்.

கன்று போய் நாலைந்து வருஷம் கழித்து ஓர் ஆடியில் பஸ் கண்டக்டர் மூலமாக ஒரு துணிப்பை வந்தது. உள்ளே சின்னப் பழங்கள், பச்சைத் தோல். அறுத்தேன். அதே குங்குமப்பூ நிறம். பிள்ளைகள் தின்றுவிட்டு, “நல்லாருக்கே, எங்க வாங்கினது?” என்றார்கள். நான் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்த ருசி சரியாக இருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் பை வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பை வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையம் போனேன். கதவைத் திறந்தது அந்த அம்மாவின் மருமகள். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள்.

“மாமி மௌத்தாப் போயிட்டாகம்மா. பழம் பழுக்கிறதுக்கு முந்தியே. உங்களுக்கு எப்படிச் சொல்லுறதுன்னு தெரியலை, போன் நம்பர் இல்லை” என்றாள்.

துட்டி கேட்கிறதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். முருங்கை விழுந்த இடத்தில் மரம் நின்றது. வீட்டு உயரம் தாண்டிவிட்டது. பறிக்காத பழங்கள் கீழே விழுந்து எறும்பு மொய்த்துக் கிடந்தன.

“இதை ‘அண்ணன் மரம்’னுதான் சொல்லுவாக. மொதப் பழத்தை ஒருத்தரையும் தொட விடமாட்டாக. உங்களுக்குக் குடுத்துவிட்ட பொறகுதான் வீட்டுல அறுப்பாக.”

குனிய முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு குனிந்தேன். தரையிலிருந்து ஒரு சாண் மேலே, மரத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு வடு. அதற்குக் கீழே பட்டை ஒரு விதம், மேலே ஒரு விதம். நான் இழுத்த இழுப்பின் தடம். கீழே இருப்பது யாரோ தின்று துப்பிய புளிப்பு மாங்கொட்டையின் வேர். மேலே இருப்பது அவர். நடுவில் பழக்காரம்மாவின் கத்தியும் என் கட்டும். மூவரில் நான் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

மருமகள் கேட்டாள், “குச்சி வேணும்னா வெட்டித் தரட்டுமாம்மா? நாள் சொல்லுங்க, மாமி சொன்ன மாதிரி எலையைக் கிள்ளி வைக்கிறேன்.”

“எங்க வைக்கத்தா? எனக்கு மண்ணு இல்லையே” என்றேன்.

இரண்டு பழத்தை மட்டும் முந்தானையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதில் ஒன்றின் கொட்டையைத் தொட்டியில் போட்டேன். முளைத்திருக்கிறது. அது இந்த மரம் ஆகாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் தண்ணீர் விடுகிறேன்.

பெற்றதெல்லாம் நம்மோடு நிற்கும் என்று நினைத்து வாழ்ந்தவள் நான். கடைசியில் என் வீட்டுக்காரர் நிற்பது, எங்களுக்கு உறவும் முறையும் இல்லாத ஒரு வீட்டுக் கொல்லையில். அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிறார். ‘நான் யாரும் இல்ல’ என்று சொன்ன அந்த அம்மா எனக்கு யார் என்று இன்றைக்கும் ஓர் உறவுமுறை வைத்துக் கூப்பிடத் தெரியவில்லை.

ஏத்தா பேத்தி, படி எடுத்தது போதும். மொதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேக்குறேன். அந்த அம்மா ‘அக்கா, இது லேசா ஆடுதே’ன்னு சொல்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. இந்தத் தடவை நான் காது குடுத்துக் கேட்டுக்கிறேன்.